கண்ணுல பிரச்சனையா, படிப்புல பிரச்சனையா? பெத்தவங்க என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் கண் டாக்டர் இல்ல, ஸ்பெஷல் எஜுகேட்டர், அதாவது படிக்கக் கஷ்டப்படற பிள்ளைங்களுக்கு தனியா சொல்லிக்குடுக்கற டீச்சர். அதுக்கு முன்னாடி ரொம்ப வருஷம் ப்ரைமரி டீச்சர். என்கிட்ட பிள்ளைய கூட்டிட்டு வர்றவங்கள்ல சில பேரு கையில தடியா கண் ஆஸ்பத்திரி ஃபைல் இருக்கும், ரெண்டு வருஷமா கண்ணுக்கே ஓடிட்டு இருந்திருப்பாங்க. சில பேரு "கண்ணு ஒரு தடவகூட செக் பண்ணல மிஸ்"னு சொல்வாங்க. ரெண்டுலயும் பாதிக்கப்படுறது பிள்ளைதான், அதனாலதான் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வர்றத எல்லாம் சேத்து எழுதிட்டேன்.

புக்க தொறந்தா எழுத்தே தெரியாத மாதிரி முழிக்கிறான். கண்ணு சரியா தெரியாததாலதான் டிஸ்லெக்சியா வருதா?

இல்லங்க. டிஸ்லெக்சியா கண்ணுல ஆரம்பிக்கிற விஷயம் இல்ல, மூளை மொழியோட சத்தங்கள எழுத்தோட சேக்குற இடத்துல வர்ற சிக்கல். ஆனா இந்த சந்தேகம் உங்களுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க, ஆரம்பத்துல டாக்டர்களே கண்ணு வழியாதான் இதுக்குள்ள வந்தாங்க. டிஸ்லெக்சியாங்கற பேர வச்சதே 1880-கள்ல ஜெர்மனியில இருந்த ருடால்ஃப் பெர்லின்ங்கற கண் டாக்டர்தான். 1896-ல இங்கிலாந்துல பிரிங்கிள் மார்கன்னு ஒரு டாக்டர் 14 வயசுப் பையன் ஒருத்தனப் பத்தி எழுதினாரு, பேரு பெர்சி, நல்ல புத்திசாலி, கணக்கெல்லாம் வரும், ஆனா வாசிக்க வராது, தன் பேரையே 'பெர்சி'க்கு பதிலா 'ப்ரெசி'ன்னு எழுத்து மாத்தி எழுதிட்டு தப்புன்னு தெரியாம உக்காந்திருந்தானாம். அவர் இதுக்கு சொன்ன பேரு பிறவியிலேயே வர்ற 'வார்த்தைக் குருடு'. கிளாஸ்கோல ஹின்ஷல்வுட்னு ஒரு கண் டாக்டர் 1917-ல இதே பேருல புத்தகமே போட்டாரு. அந்தப் பேருதான் நூறு வருஷம் கழிச்சும் நம்ம மனசுல ஒட்டிக்கிட்டு இருக்கு. இத்தனைக்கும் அவங்களே கண்ணு நல்லாதான் இருக்கு, கோளாறு மூளையிலன்னுதான் எழுதியிருந்தாங்க.

வீட்லயே ஒண்ணு பண்ணிப் பாருங்க. பிள்ளைய கண்ண மூடிக்கச் சொல்லுங்க. "கடல்ல 'க'வ எடுத்துட்டு 'ம' போடு, என்ன வரும்?"னு கேளுங்க. ரெண்டாவது மூணாவது படிக்கிற பிள்ளைங்க நெறைய பேரு கொஞ்சம் யோசிச்சு 'மடல்'னு சொல்லிடுவாங்க. எங்கிட்ட வர்ற பல பிள்ளைங்க "கடல்மா"ன்னு சொல்வாங்க, இல்ல "தண்ணி"ன்னு சொல்வாங்க, இல்ல என் முகத்தையே பாத்துட்டு இருப்பாங்க. கண்ணு மூடித்தான் இருக்கு, அங்க எழுத்தே இல்ல, அப்பவும் சிக்கல் வருதில்ல? அந்தச் சிக்கல் கண்ணுல இல்லன்னு இத விட எளிமையா எனக்கு சொல்லத் தெரியல. (இது டெஸ்ட் இல்ல, ஒரு தடவ தப்பா சொன்னா டிஸ்லெக்சியான்னு முடிவு கட்டிடாதீங்க.)

பெரிய அளவுலயும் பாத்திருக்காங்க. இங்கிலாந்துல பிரிஸ்டல் பக்கம் பிறந்த பிள்ளைங்கள பிறந்ததுல இருந்தே தொடர்ந்து கவனிக்கிற ஆய்வு ஒண்ணு இருக்கு, அதுல 7ல இருந்து 9 வயசு வரைக்கும் 5,822 பிள்ளைங்களோட கண்ண விதவிதமா செக் பண்ணதுல 172 பேருக்கு கடுமையான வாசிப்புச் சிக்கல் இருந்துச்சு, அந்த 172 பேருல அஞ்சுல நாலு பேருக்கு எல்லா கண் டெஸ்ட்டும் நார்மல். 2015-ல வந்த ரிசல்ட் இது.

அப்ப கண் டெஸ்ட்டே வேண்டாமா மிஸ்?

ஐயோ, கண்டிப்பா வேணும்! முதல் வேலையே அதான். அந்த அஞ்சுல ஒரு பிள்ளை உங்க பிள்ளையா இருக்கலாம். கண்ணு டிஸ்லெக்சியாவ உண்டாக்காது, ஆனா கண்ணுல இருக்கற குறை படிப்ப கஷ்டமாக்கும், ஏற்கனவே டிஸ்லெக்சியா இருக்கற பிள்ளைக்கு இன்னும் கஷ்டமாக்கும், டிஸ்லெக்சியா இல்லாத பிள்ளைய இருக்கற மாதிரி காட்டும்.

சீனாவுல கிராமப்புறத்துல 252 ப்ரைமரி ஸ்கூல்ல ஒரு பரிசோதனை நடந்துச்சு, 2014-ல ரிசல்ட் வந்துச்சு, கண்ணாடி தேவைப்பட்ட நாலாவது அஞ்சாவது பிள்ளைங்கள்ல ஒரு குரூப்புக்கு இலவசமா கண்ணாடி குடுத்தாங்க, அந்த வருஷக் கடைசில அவங்க கணக்கு மார்க் மத்தவங்கள விட நல்லா வந்திருந்துச்சு. அமெரிக்காவுல பால்டிமோர் நகரத்துலயும் 2,304 பிள்ளைங்கள வச்சு இதே மாதிரி பாத்தாங்க (2021), கண்ணாடி கெடச்ச முதல் வருஷம் வாசிப்பும் கணக்கும் ஏறுச்சு, அதுலயும் கிளாஸ்ல கடைசியா இருந்தவங்களுக்கும் ஸ்பெஷல் எஜுகேஷன்ல இருந்தவங்களுக்கும்தான் அதிகமா ஏறுச்சு. ரெண்டாவது வருஷம் அந்த வித்தியாசம் நிக்கல, அதையும் சொல்லிடறேன். ஒரு கண்ணாடியால வர்ற பலன் இவ்வளவுன்னா அத விட்டுட்டு வேற எங்க போய் ஆரம்பிக்கிறது?

இன்னொரு விஷயம், பிள்ளைங்க கம்ப்ளைன்ட் பண்ண மாட்டாங்க. பொறந்ததுல இருந்து அப்படித்தான் தெரிஞ்சிருக்கு, எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நெனச்சுக்கும். என்கிட்ட வந்த ஒரு மூணாம் கிளாஸ் பொண்ணு கண்ணாடி போட்ட மறுநாள் வந்து "மிஸ், வேப்பமரத்துல இலை தனித்தனியா இருக்கு"ன்னு சொன்னா. அவங்க அம்மா என் ரூம்லயே அழுதுட்டாங்க, எத்தன தடவ போர்டுல இருக்கறத எழுதலன்னு அடி வாங்கியிருக்கான்னு சொல்லிச் சொல்லி அழுதாங்க.

ஸ்கூல் கேம்ப்ல 6/6-னு சொல்லிட்டாங்களே, இன்னொரு தடவ எதுக்கு?

6/6-ங்கறது 6 மீட்டர் தூரத்துல இருக்கற சார்ட்ட படிக்க முடியுதான்னு மட்டும்தான் சொல்லும். புக்கு 6 மீட்டர் தள்ளியா இருக்கு? மடியில இருக்கு.

மைனஸ் பவர் இருக்கற பிள்ளை, அதாவது கிட்டப்பார்வை, போர்டு தெரியாம மாட்டிக்கும், கேம்ப்ல கண்டுபிடிச்சிடுவாங்க. தமிழ்நாட்டுல 2009-ல கண்ணொளி காப்போம் திட்டம் வந்ததுல இருந்து கவர்மெண்ட் ஸ்கூல் பிள்ளைங்களுக்கு இலவசக் கண்ணாடியே கெடைக்குது, எவ்வளவோ பேருக்கு அது வெளிச்சம் குடுத்திருக்கு. ஆனா பிளஸ் பவர் இருக்கற பிள்ளை, அதாவது கிட்டத்துல பாக்கத்தான் அதிகமா கஷ்டப்படற பிள்ளை, வேற மாதிரி. சின்ன வயசுல கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் நல்லா வளைஞ்சு குடுக்கும், அந்த லென்ஸ வளைக்கிற தசைய இறுக்கிப் பிடிச்சு தூரத்துல இருக்கறத கரெக்டா படிச்சிடும், அரை நிமிஷம்தானே. கிட்டத்துல இருக்கற புக்குக்கு அத விட இன்னும் அதிகமா இறுக்கணும், அதையும் அரை மணி நேரம் விடாம பிடிக்கணும். முடியாது. பத்து நிமிஷத்துல தலைவலி, கண்ண கசக்கும், எழுந்து தண்ணி குடிக்கப் போகும், பக்கத்துல இருக்கறவன் பென்சில பிடுங்கும். "கவனமே இல்ல இவனுக்கு"ன்னு ரிப்போர்ட் கார்டுல ஏறிடும். அமெரிக்காவுல 4, 5 வயசுப் பிள்ளைங்கள வச்சுப் பாத்ததுல கண்ணாடி போடாத பிளஸ் பவர் 3ல இருந்து 6 வரைக்கும் இருந்தவங்க எழுத்து கத்துக்கறதுல பின்தங்கியிருந்தாங்க, அதுலயும் 4-ம் அதுக்கு மேலயும் இருந்தவங்க ரொம்பவே. 2016-ல வந்துச்சு இது.

இதுல கேம்ப்ப குறை சொல்ல ஒண்ணுமில்ல, அதோட வேலை அவ்வளவுதான், ஒரு நாள்ல முந்நூறு பிள்ளைய பாக்கணும்னா சார்ட்தான் காட்ட முடியும். பிளஸ் பவர சரியா அளக்கணும்னா சொட்டு மருந்து விட்டு அந்தத் தசைய தளர வச்சுட்டு பாக்கணும். சின்னப் பிள்ளைங்களுக்கு "மூணு நாள் ஆயின்ட்மெண்ட் போட்டுட்டு கூட்டிட்டு வாங்க"ன்னு சொல்வாங்களே, அது இதுக்குத்தான். கிட்டத்துல மங்கலா இருக்கும், வெயில்ல கண்ணு கூசும், ஸ்கூல் போகுதேன்னு நிறைய பேரு அத தவிர்த்துட்டு கம்ப்யூட்டர் டெஸ்ட்டோட திரும்பிடறாங்க. தயவுசெஞ்சு தவிர்க்காதீங்க, லீவுல போட்டுக்கோங்க.

டாக்டர்கிட்ட என்னன்னு கேக்கணும்?

"படிக்க கஷ்டப்படறான், தூரப் பார்வையோட கிட்டத்துப் பார்வையும் பாருங்க, மருந்து விட்டு பவர் பாருங்க, ரெண்டு கண்ணும் சேந்து வேலை செய்யுதா பாருங்க" – இத அப்படியே சொல்லுங்க. முடிஞ்சா பிள்ளைங்களுக்கான கண் டாக்டர்கிட்ட போங்க. போறதுக்கு முன்னாடி வீட்ல ஒரு வாரம் கவனிச்சு எழுதி வச்சுக்கோங்க: புக்க மூஞ்சிகிட்ட வச்சுக்குதா, தலைய ஒரு பக்கமா சாய்க்குதா, ஒரு கண்ண மூடிக்குதா அல்லது கையால மறைக்குதா, படிச்சு எத்தன நிமிஷத்துல தலைவலின்னு சொல்லுது, சாயங்காலம் ஆனா ஒரு கண்ணு ஓரமா போகுதா. டாக்டர் ரூம்ல அஞ்சு நிமிஷத்துல தெரியாதது உங்க குறிப்புல தெரியும். போட்டோ எடுத்துட்டுப் போனாகூட நல்லதுதான்.

"எழுத்து ஆடுது, ரெண்டு ரெண்டா தெரியுது"ங்கறான். நடிக்கிறானா?

நடிக்கல. பிள்ளை அப்படி சொன்னா நம்புங்க. கிட்டத்துல பாக்கும்போது ரெண்டு கண்ணும் மூக்குப் பக்கமா உள்ள திரும்பணும், அப்பத்தான் ரெண்டு படமும் ஒண்ணா சேரும். அந்தத் திரும்பற சக்தி குறைவா இருந்தா எழுத்து ரெண்டாகும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறும், ஆடும். இதுக்கு கன்வர்ஜென்ஸ் இன்சஃபிஷியன்சின்னு பேரு. பென்சில் நுனிய மூக்குகிட்ட கொண்டு வரும்போது சுமார் 6 சென்டிமீட்டர் வரைக்குமாவது ஒண்ணா தெரியணும், அதுக்கு முன்னாடியே ரெண்டாச்சுன்னா டாக்டர்கிட்ட காட்டணும்.

இதுக்கு வைத்தியம் இருக்கு, அது வேலையும் செய்யுது. அமெரிக்காவுல 9ல இருந்து 17 வயசு வரைக்கும் 221 பிள்ளைங்கள வச்சு 12 வாரம் பாத்தாங்க (2008). கிளினிக்குக்கு வந்து பயிற்சியாளரோட செஞ்சு வீட்லயும் செஞ்சவங்கள்ல 73 சதவீதம் பேரு தேறிட்டாங்க, வீட்ல வெறும் பென்சில் பயிற்சி செஞ்சவங்கள்ல 43, சும்மா பேருக்கு பயிற்சி குடுத்த குரூப்புல 35. அதனால வீட்ல பென்சில மட்டும் ஆட்டிட்டு "ஒண்ணும் ஆகல"ன்னு விட்டுடாதீங்க, ஆள வச்சு செய்யணும்.

இப்ப கொஞ்சம் கவனமா படிங்க, இந்தப் பக்கத்துலயே முக்கியமான இடம் இதுதான். அதே டீம் அடுத்து 311 பிள்ளைங்கள வச்சு 16 வாரம் இன்னொரு பரிசோதனை செஞ்சாங்க, கேள்வி என்னன்னா, இந்தக் கண் பயிற்சியால வாசிச்சுப் புரிஞ்சுக்கற திறன் கூடுமா? 2019-ல விடை வந்துச்சு. கூடல. அதாவது நிஜப் பயிற்சி செஞ்சவங்களுக்கும் பேருக்கு செஞ்சவங்களுக்கும் வாசிப்புல வித்தியாசம் இல்ல. கண்ணு சரியாச்சு, அவ்வளவுதான். பிள்ளை இனிமே தலைவலி இல்லாம, எழுத்து ஆடாம உக்காரும், அது பெரிய நிம்மதி. ஆனா வாசிக்கக் கத்துக்குடுக்கறத யாராவது தனியா செஞ்சாதான் வாசிப்பு வரும்.

எழுத்த திருப்பிப் போடறான். b-ய d-ன்னு எழுதறான். கண்ணுக்கு தலைகீழா தெரியுதோ?

தெரியல. எல்லா மனுஷ மூளையும் ஒரு பொருள இடது பக்கம் திருப்பி வச்சாலும் வலது பக்கம் திருப்பி வச்சாலும் அதே பொருள்னு பாக்கத்தான் பழகியிருக்கு. கப்போட கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தாலும் கப்புதானே? எழுத்து மட்டும்தான் இந்த விதிய மீறுது. அத மறக்கறதுக்கு பிள்ளைக்கு டைம் வேணும், 7 வயசு வரைக்கும் நிறைய பிள்ளைங்க அப்படித்தான் எழுதும். அதுக்கு அப்புறமும் போகலன்னா பாக்கணும், ஆனா கண்ணுக்காக இல்ல, எழுத்தோட பேரும் சத்தமும் உறுதியா பதியலன்னுதான் அர்த்தம்.

தமிழ்ல b-d மாதிரி கண்ணாடி ஜோடி பெருசா கிடையாது, ஆனா நமக்கு வேற சங்கதி இருக்கு, இதப் பத்தி யாரும் பேசறதே இல்ல. 'கொடி'ங்கற வார்த்தைய பாருங்க. கண்ணு மொதல்ல பாக்கறது ஒத்தைக் கொம்பு, அப்புறம் க, அப்புறம் துணைக்கால். ஆனா வாயில மொதல்ல வர்றது 'க்', அப்புறம் 'ஒ'. கண்ணு பாக்கற வரிசை வேற, காது கேக்கற வரிசை வேற. ஒரு பிள்ளை 'கொடி'ய 'கெ... கா... டி'ன்னு எழுத்துக்கூட்டுச்சுன்னா அதுக்கு கண்ணு நல்லா தெரியுதுன்னுதான் அர்த்தம், இருக்கறத இருக்கற வரிசையிலதான் படிக்குது! கொம்பையும் காலையும் சேத்து ஒரே 'ஒ'ன்னு எடுத்துக்கணும்னு தனியா சொல்லிக் குடுக்கணும். நான் மூணு துண்டு அட்டையில கொம்பு, க, கால் எழுதி வச்சு நடுவுல இருக்கற கவ மாத்தி மாத்தி கொ, சொ, தொ, மொன்னு செய்ய வைப்பேன், கையால நகத்தும்போது சீக்கிரம் பிடிச்சிக்கறாங்க.

அதே மாதிரி கடல், பகல், தங்கம் மூணுலயும் ஒரே க, மூணு சத்தம். ல, ள, ழ மூணு எழுத்து, பல வீட்ல ஒரே சத்தம். ரெண்டு சுழி ன, மூணு சுழி ண – கண்ணு சுழிய எண்ணணும், காதுக்கு வித்தியாசமே கேக்கறதில்ல. 247 எழுத்து வேற. பெங்களூர்ல கன்னடம் படிக்கிற பிள்ளைங்கள வச்சு சோனாலி நாக் செஞ்ச ஆய்வுல நாலாவது வரைக்கும்கூட பிள்ளைங்க எழுத்து கத்துக்கிட்டே இருந்தது தெரிஞ்சுச்சு. நம்ம எழுத்தும் அதே குடும்பம்தான். அதனால ஒண்ணாம் கிளாஸ் முடியறதுக்குள்ள எல்லாம் வந்துடணும்னு பிள்ளைய நெருக்காதீங்க.

சின்னக் குறிப்பு ஒண்ணு தர்றேன். போர்ட பாத்து எழுதும்போது சரியா எழுதற பிள்ளை டிக்டேஷன்ல மட்டும் தப்புதப்பா எழுதுதுன்னா சிக்கல் அநேகமா சத்தத்துல. டிக்டேஷன் ஓரளவு வருது, போர்ட பாத்து எழுதினா மட்டும் பாதி விட்டுப் போகுதுன்னா கண்ண செக் பண்ணுங்க. முடிவு கட்ட இது போதாது, எங்க மொதல்ல பாக்கணும்னு சொல்லும்.

வரி மாறி மாறி படிக்கறா, விரல் வச்சாதான் படிக்கறா. கண்ணு ஓட்டம் சரியில்லையோ?

படிக்கும்போது கண்ணு வழுக்கிட்டுப் போகாது, குதிச்சு குதிச்சு போகும். இங்கிலீஷ் படிக்கிற பெரியவங்களுக்கு ஒரு குதி ஏழு ஒம்பது எழுத்து, ஒவ்வொரு இடத்துலயும் கால் செகண்ட் மாதிரி நிக்கும், நூறுல பத்து பதினஞ்சு குதி பின்னாடியே போகும். நல்லா படிக்கத் தெரிஞ்சவங்களுக்கே இப்படி. வாசிக்கக் கஷ்டப்படற பிள்ளைக்கு குதி சின்னதா, நிறைய, பின்னாடி போறதும் ஜாஸ்தியா இருக்கும். அத கம்ப்யூட்டர்ல படம் போட்டுக் காட்டும்போது பெத்தவங்களுக்கு பயமா இருக்கும், "பாருங்க கண்ணு எப்படி அலையுது"ன்னு.

ஆனா நீங்க பஸ் போர்டுல மலையாளத்த எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது உங்க கண்ணும் அப்படித்தான் அலையும். வார்த்தை தெரியலன்னா கண்ணு திரும்பிப் பாக்கும். வாசிப்பு வராததாலதான் கண்ணு அலையுது. வாஷிங்டன்ல கினெவ்ரா ஈடன் குழு 2013-ல மூளை ஸ்கேன் வச்சு இதுக்குப் பக்கத்துக் கேள்விய பாத்தாங்க. நகர்ற பொருளப் பாக்கற மூளைப் பகுதி டிஸ்லெக்சியா பிள்ளைங்களுக்கு மந்தமா இருக்குன்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க, ஆனா அதே வாசிப்பு நிலையில இருக்கற சின்னப் பிள்ளைங்களோட ஒப்பிட்டா வித்தியாசமே இல்ல, வாசிக்கச் சொல்லிக்குடுத்ததும் அந்தப் பகுதி தானா சுறுசுறுப்பாச்சு.

விரல் வச்சு படிக்கட்டும், தடுக்காதீங்க. ஸ்கேல் வைக்கலாம். "பெரிய பொண்ணாயிட்ட, இன்னும் விரலா?"ன்னு கேக்கற டீச்சர்கிட்ட நீங்க போய் பேசுங்க.

கலர் கண்ணாடி, கலர் ஷீட் போட்டா சரியாகும்னு சொல்றாங்களே?

1980-கள்ல ஹெலன் இர்லென்ங்கறவங்க அமெரிக்காவுல ஆரம்பிச்சு வச்சது இது. 2009-ல அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கண் மருத்துவர்கள் சங்கங்களும் சேந்து அறிக்கை விட்டாங்க: கலர் லென்ஸோ கண் பயிற்சியோ டிஸ்லெக்சியாவ சரிபண்ணும்னு சொல்ல ஆதாரம் இல்லன்னு. ஒரு பிள்ளைக்கு வெள்ளைப் பேப்பர் கூசுது, மஞ்சள் ஷீட் வச்சா இதமா இருக்குன்னா பத்து ரூபா ஷீட் வச்சுக்கட்டும், ஒண்ணும் கெட்டுப் போகாது. ஆயிரக்கணக்குல குடுத்து லென்ஸ் வாங்காதீங்க.

அதுக்குப் பதிலா எழுத்துக்கு நடுவுல இடம் விட்டுப் பிரிண்ட் எடுத்துக் குடுங்க. இத்தாலி, பிரான்ஸ் பிள்ளைங்க கிட்ட 2012-ல பாத்ததுல எழுத்து இடைவெளி கூட்டினாலே டிஸ்லெக்சியா பிள்ளைங்க தப்பு குறைஞ்சு, வேகமாவும் வாசிச்சாங்க. பக்கத்து எழுத்து நெருக்கறது அவங்களுக்கு அதிகமா இடைஞ்சல். காசே இல்லாத உதவி.

விஷன் தெரபி பேக்கேஜ் எடுத்தா படிப்பு வந்துடும்னு ஒரு சென்டர்ல சொல்றாங்க. சேரலாமா?

அவங்ககிட்ட ஒரே கேள்வி கேளுங்க: "என் பிள்ளை கண்ணுல என்ன கோளாறு, அதோட பேரு என்ன?" கன்வர்ஜென்ஸ், ஃபோகஸ் கோளாறு மாதிரி ஒரு பேரும் அளவும் எழுதிக் குடுத்தா அதுக்கான பயிற்சிய செய்யுங்க, நல்லதுதான். "மொத்தமா பார்வைத் திறன் கம்மி, அம்பது சிட்டிங்ல படிப்பு வந்துடும்"னு சொன்னா எழுந்து வந்துடுங்க. எனக்கு இதுல ரொம்ப ஆத்திரம் வரும். ஒரு ஆட்டோ ஓட்டற அப்பா, நகைய அடகு வச்சு ஒரு வருஷம் பையன ஒரு இடத்துக்கு கூட்டிட்டுப் போயிருந்தாரு, லைட்டத் தொடறது, பந்து பாத்துப் பிடிக்கிறதுன்னு. என்கிட்ட வரும்போது அவன் அஞ்சாவது, லைட்ட எல்லாம் ஜோரா தொடுவான், 'அம்மா'வுக்கு அடுத்த வார்த்தை வாசிக்க வராது. பணம் போனதக்கூட விடுங்க, அந்த ஒரு வருஷத்த யாரு திருப்பிக் குடுப்பா?

ஒரு கண்ணு சோம்பேறிக் கண்ணுன்னு சொல்லியிருக்காங்க. இன்னொரு கண்ணு நல்லா இருக்கே, படிப்ப பாதிக்குமா?

வேகத்த பாதிக்கலாம். ரெண்டு கண்ணையும் தொறந்து படிக்கும்போதுகூட இந்தப் பிள்ளைங்க மெதுவா வாசிக்கிறது பரிசோதனையில தெரிஞ்சிருக்கு. புரிஞ்சுக்கற திறன் நல்லாவே இருக்கும், அதனால டைம் குடுக்கணும். நல்லா இருக்கற கண்ணுல ஒட்டு போட்டு மூடச் சொன்னா விடாம போடுங்க, 7 வயசுக்குள்ள செஞ்சா பலன் அதிகம், நடுத்தர அளவு குறைக்கு தினம் ரெண்டு மணி நேரமே போதும்னு ஆய்வுல தெரிஞ்சிருக்கு. உங்களுக்கு எவ்வளவுன்னு டாக்டர் சொல்றதுதான் கணக்கு.

கண் ரிப்போர்ட் எல்லாம் நார்மல். ஆனா எதிர்ல இருக்கற பொருளக்கூட தேடறா, படிக்கட்டுல தடுமாறறா, புக்குல ஒரு பக்கத்த பாத்தாலே மூடிடறா. என்ன இது?

குறைமாசத்துல பிறந்த பிள்ளையா? பிறந்ததும் அழலன்னு சொன்னாங்களா, சுகர் இறங்கி ஐசியூல வச்சிருந்தாங்களா? இதுல ஏதாவது ஆமான்னா செரிப்ரல் விஷுவல் இம்பேர்மெண்ட்ங்கற பேர டாக்டர்கிட்ட நீங்களே எடுத்துக் கேளுங்க. கண்ணு நல்லா இருக்கும், கண்ணு அனுப்பறத மூளை பிரிச்சு எடுக்கறதுலதான் தடை. குறைமாசப் பிள்ளைக்கு ஆர்ஓபி பாத்து சரின்னு சொல்லியிருப்பாங்க, அது விழித்திரைக்கான டெஸ்ட், இத சொல்லாது.

நான் பாத்த ஒரு பொண்ணு, தனி அட்டையில 'பூனை'ன்னு எழுதிக் காட்டினா டக்குனு வாசிச்சா. அதே வார்த்தை பாடத்துல பத்து வரிக்கு நடுவுல இருந்தா வாசிக்க வரல. கல்யாண வீட்ல அம்மா கூட்டத்துல நின்னா கண்டுபிடிக்க மாட்டா, அம்மா குரல் குடுத்தாலோ கைய அசைச்சாலோ ஓடி வருவா. அலமாரியில சிவப்பு டப்பா எடுத்துட்டு வான்னா நின்னுட்டே இருப்பா. வீட்ல எல்லாரும் பிடிவாதம்னு நெனச்சிட்டு இருந்தாங்க. கருப்பு சார்ட்ல ஒரு வரி மட்டும் தெரியற மாதிரி ஜன்னல் வெட்டி பக்கத்து மேல வச்சேன், வாசிக்க ஆரம்பிச்சா. இந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு பக்கத்துல ஒரே படம், ஒரே கணக்கு, மேஜையில ஒரே நோட்டு. பளபளன்னு அடிச்ச பாடப் புத்தகத்துல நாலு படமும் அஞ்சு பெட்டியும் இருக்கற பக்கம் இவங்களுக்கு சந்தைக்கடை மாதிரி.

இது டிஸ்லெக்சியா கிடையாது. இத எல்டின்னு, அதாவது கற்றல் குறைபாடுன்னு, முத்திரை குத்திடாதீங்க, வழி வேற.

போன் பாத்து பாத்துதான் இப்படி ஆயிட்டானா?

டிஸ்லெக்சியா போனால வராது. கிட்டப்பார்வை வேற விஷயம், கிட்டத்துலயே பாத்துட்டு வெயிலே படாம வளர்ற பிள்ளைக்கு அது வர்ற வாய்ப்பு ஜாஸ்தி, தினம் வெளிய விளையாட விடுங்க. மாமியார் உங்களத் திட்டறதுக்கு மட்டும் இத காரணமா எடுத்துக்க வேண்டாம்.

சர்டிபிகேட் வாங்கப் போனா கண் ரிப்போர்ட் எதுக்கு கேக்கறாங்க?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கற 21 வகையில குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒண்ணு. 2018 ஜனவரில வந்த வழிமுறையில மொதல்ல குழந்தை டாக்டர் கண்ணும் காதும் சரியா இருக்கான்னு பாக்கணும், அப்புறம் ஐக்யூ, அப்புறம்தான் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி உருவாக்கின டெஸ்ட் மாதிரி வாசிப்பு எழுத்து டெஸ்ட்னு இருந்துச்சு (2024-ல அத திருத்தியிருக்காங்க). பார்வைக் குறைய கற்றல் குறைபாடுன்னு தப்பா எழுதிடக்கூடாதுன்னுதான். அந்த 2018 வழிமுறையில சர்டிபிகேட்டுக்கு 8 வயசு ஆகணும்னு இருந்துச்சு, ஆனா சொல்லிக் குடுக்க ஆரம்பிக்கறதுக்கு சர்டிபிகேட் தேவையில்ல, அத மட்டும் மறந்துடாதீங்க. சர்டிபிகேட் இருந்தா சிபிஎஸ்இ பரீட்சையில மணிக்கு 20 நிமிஷம் கூடுதலா கெடைக்கும், சொல்லச் சொல்ல எழுதறதுக்கு ஆளும் வச்சுக்கலாம்.

கண்ணாடி போட்டு எத்தன மாசம் பாத்துட்டு உங்ககிட்ட வரணும்?

ஒரு மாசம்கூட வேண்டாம். திங்கக்கிழமை கண்ணாடி வந்துச்சுன்னா திங்கக்கிழமையே வாசிப்பும் ஆரம்பிப்போம். தினம் இருபது நிமிஷம், சத்தத்தையும் எழுத்தையும் சேக்கற வேலை. கண்ணாடி மட்டுமே பிரச்சனைன்னா பிள்ளை ரெண்டு மூணு மாசத்துல எங்கள முந்திட்டு ஓடிடும், நாங்க சந்தோஷமா டாட்டா காட்டிடுவோம். இல்லன்னா அந்த மாசங்கள் வீணாகல.

கண்ணாடி வாங்கிக் குடுத்தாச்சு, ஆனா போடவே மாட்டேங்கறான். பைக்குள்ளயே வச்சிருக்கான்.

பவர் சரியான்னு ஒரு தடவ பாத்துக்கோங்க, மூக்குல அழுத்துதா, காதுகிட்ட வலிக்குதான்னு பாருங்க, பாதி நேரம் அதுவேதான் காரணம். அப்புறம் கிளாஸ்ல யாரு என்ன பேரு வச்சு கூப்பிடறாங்கன்னு மெதுவா கேளுங்க. ஒரு பையன 'சோடாபுட்டி'ன்னு கூப்பிட்டுட்டு இருந்தாங்க. அவன் கிளாஸ் டீச்சர்கிட்ட போய் பேசினேன், அவங்க என்ன பண்ணாங்கன்னா அடுத்த நாள்ல இருந்து தன்னோட கண்ணாடிய ஹேண்ட்பேக்ல வைக்காம போட்டுட்டே பாடம் எடுக்க ஆரம்பிச்சாங்க, வருகைப்பதிவு எடுக்கறதுக்கு முன்னாடி கர்ச்சீப்ப எடுத்து "வாடா, நம்ம ரெண்டு பேரு கண்ணாடியையும் தொடைப்போம்"னு அவனக் கூப்பிடுவாங்க. மூணாவது வாரம் அவங்க அம்மா போன் பண்ணி, குளிக்கும்போதுகூட கழட்ட மாட்டேங்கறான் மிஸ், என்ன பண்றதுன்னு கேட்டாங்க.